பஸ் வரும்போது எழுந்து உட்காருங்கள்

போன வாரம் பிசியோதெரபி படிக்கும் உங்களில் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய கைக்கடிகாரம் துடித்தது. ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறாய், எழுந்து நட என்று அது சொல்கிறதாம். அவர் அதைப் பார்த்தார், சிரித்தார், ஓர் அழுத்து அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தார். பிறகு என்னிடம் கேட்டீர்கள்: இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் வீட்டுக்குப் போன நோயாளிகள் பயிற்சியைத் தொடர்வதில்லையே, ஒன்றுமே இல்லாத உங்கள் காலத்தில் எப்படிச் செய்ய வைத்தீர்கள்?

அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஆலங்குடிப் பக்கத்து பஸ் டிரைவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொன்னால் அவருடைய அக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது காபி ஆறுவதற்குள் முடிகிற பேச்சல்ல. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் புதுக்கோட்டைக்கு வேலைக்கு வந்தேன். அப்போது அது தனி மாவட்டம் இல்லை, திருச்சியோடு சேர்ந்திருந்தது. பிசியோதெரபி என்ற சொல்லை நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே பாதிப் பேர் கேட்டதில்லை. உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு மேஜை, சுவரில் ஒரு கப்பி, நானே தைத்த சில மணல் பைகள். அவ்வளவுதான் என் இலாகா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னை 'உருவிவிடுற அம்மா' என்பார்கள். முதல் மாதம் அது சுருக்கென்று குத்தியது. பிறகு பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. நர்சுகள் விடுதியில் சேர்ந்து சாப்பிட்டார்கள், டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. என் ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை எடுத்திருந்தேன். கீழே குடியிருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கல்யாணமாகாமல் தனியாக வந்து, ஆண்களின் கையையும் காலையும் பிடித்து மடக்கி நீட்டுகிற பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். கடைவீதிக்குப் போய், வாங்கப் போகாத பொருளுக்கெல்லாம் விலை கேட்டுவிட்டு வருவேன்.

உங்களில் பலர் நாளைக்கு முன்பின் தெரியாத ஊருக்குப் போவீர்கள். இது உங்களுக்கும் வரும். வந்தால் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அது நோயாளியின் கட்டில் வரைக்கும் உங்களோடு கூட வரும் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சின்னையா என்பவர் ஆலங்குடி வழியாகப் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிரைவர். ஐம்பது வயதுக்குள்தான். மனைவி இறந்து நெடுநாளாகியிருந்தது, பிள்ளை இல்லை. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. எங்கள் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். உயிர் தப்பியது, பேச்சும் பெரும்பாலும் திரும்பியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அந்த டிரைவர் எழுந்திருக்கவே இல்லையாம். இப்படியே கிடந்தால் முதுகு புண்ணாகி, நெஞ்சில் சளி கட்டி, அதிலேயே போய்விடுவார். வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்" என்றார்.

அவர் ஓட்டிய அதே பஸ்ஸில்தான் போனேன். ஆலங்குடியைத் தாண்டி, கடலைக் கொல்லைகளுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவே ரோடு வளைகிற இடத்தில் ஓர் ஓட்டு வீடு. உள்ளே போனபோது அவருடைய அக்கா அழகம்மா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தம்பியை விட ஏழெட்டு வயது மூத்தவர். சிறு வயதிலேயே கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, அங்கேயே இருந்துவிட்டவர். சோற்றைப் பிசைந்து, முள் எடுத்த மீனை உள்ளே வைத்து, சிறு உருண்டையாக்கி வாயில் கொடுத்தார். சின்னையாவின் வலது கை நன்றாக வேலை செய்யும். அது சும்மா போர்வைக்கு மேலே கிடந்தது.

"வாங்கம்மா. டாக்டரய்யா அனுப்பிச்சாகளா? இங்கிட்டு உக்காருங்க. இவன் சாப்புடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் அழகம்மா.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் வாயைத் துடைத்துவிட்டார். சின்னையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கேட்டதற்கெல்லாம் அழகம்மாதான் பதில் சொன்னார். வலிக்கிறதா என்றால், "வலிக்குதுங்கிறான்." உட்கார முடிகிறதா என்றால், "எதுக்கும்மா அவனப் போட்டுப் பாடாப் படுத்தணும்? நான் பாத்துக்கிறேன்ல."

காலை மடக்கி நீட்டினேன். செய்ய வேண்டியதைச் செய்துகாட்டினேன். கிளம்பும் நேரத்தில் தூரத்தில் ஒரு பஸ் வரும் சத்தம் கேட்டது. வளைவுக்கு வந்ததும் ஹார்ன் அடித்தது. அப்போது நான் அவருடைய கால்மாட்டில் நின்றிருந்தேன். சின்னையாவின் வலது பாதம் போர்வைக்குள் மெல்ல நீண்டு கட்டில் சட்டத்தை அழுத்தியது. பஸ் வளைவைத் தாண்டிய பிறகு தளர்ந்தது.

அவர் பிரேக் போட்டிருக்கிறார்.

முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. ஆனால், "செகண்ட் கியர்லயே இழுக்கிறான், எரும. வண்டி என்னத்துக்கு ஆகும்" என்று முணுமுணுத்தார். அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

அன்று அதை ஒரு வேடிக்கையாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போனேன். சொல்லிக்கொடுத்த எதையும் அவர் செய்யவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி வந்து காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போவதை ஒரு மனிதன் ஏன் செய்ய வேண்டும்? அவருடைய காலையில் அதற்கு இடமே இல்லை. காலையில் அக்கா பல் தேய்த்துவிடுவார், பிறகு கஞ்சி, பிறகு தூக்கம். அந்த நாளுக்குள் வெளியே இருந்து வந்து நுழைவது ஒன்றே ஒன்றுதான். பஸ்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். புதுக்கோட்டையில் இறங்கியதும் டிரைவரிடம் போய் நின்றேன். செல்வராசு என்று பெயர், இருபத்தைந்து வயதிருக்கும். சின்னையாவிடம் கிளீனராக இருந்து தொழில் கற்றவர். அவர்தான் அந்த 'எரும'.

"தம்பி, சின்னையா வீட்டு வளைவுக்கு வரும்போது ஒவ்வொரு டிரிப்பும் கொஞ்சம் முன்னாலயே ஹார்ன் அடிக்க முடியுமா? அவர் எழுந்து உட்கார நேரம் வேணும்."

"அண்ணன் உக்காந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

செல்வராசு ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "வளைவுக்கு முந்தின புளியமரத்துலேருந்தே அடிக்கிறேம்மா" என்றார்.

அடுத்த முறை கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னேன். அழகம்மாவுக்குப் பிடிக்கவில்லை. காற்று அடிக்கும், வெயில் விழும், ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான் என்றார். நானே ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். கிணற்றுக் கயிறு ஒன்றை வாங்கி கால்மாட்டுச் சட்டத்தில் கட்டி, மறுமுனையை அவருடைய வலது கையில் கொடுத்தேன்.

"பயிற்சி எதுவும் வேண்டாங்க. பஸ் வரும்போது எழுந்து உட்காருங்க. போனதும் படுத்துக்கங்க."

"எதுக்கு?" சுவரிடம்தான் கேட்டார்.

"செல்வராசு வளைவை எப்படி எடுக்கறார்னு எனக்குச் சொல்லணும். படுத்துக்கிட்டே சத்தத்தை மட்டும் கேட்டுக் குறை சொல்றது சரியில்லை."

அவர் திரும்பி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கோபம்தான். பரவாயில்லை என்று நினைத்தேன். கோபத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஒன்றுமே இல்லாத முகத்தோடுதான் ஒன்றும் செய்ய முடியாது.

புளியமரத்திலிருந்து ஹார்ன் கேட்டது. சின்னையா கயிற்றைப் பிடித்தார். பாதி எழுந்து, சரிந்து, என் தோளில் விழுந்தார். பஸ் போய்விட்டது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அழகம்மா ஓடி வந்தார். சின்னையா மூச்சு வாங்கியபடி, "அடுத்தது எப்ப வருது?" என்றார்.

இதை ஒரு தந்திரமாகச் சொல்லவில்லை. உங்கள் கடிகாரமும் ஹார்ன்தான் அடிக்கிறது. ஆனால் அது யாருக்கோ அடிக்கிறது. அந்த பஸ் சின்னையாவுக்காக அடித்தது. அடித்தவரை அவருக்குத் தெரியும். கருவி எதுவாக இருந்தாலும் அதன் மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓர் ஆளைத் தேடுங்கள்.

சில வாரங்களில் அவர் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். வாசலிலிருந்து வேலிப் படல் வரை இரண்டு பக்கமும் சவுக்குக் கழிகளை இடுப்பு உயரத்தில் கட்டினோம். அவற்றுக்கு நடுவே நடந்தார். இடது பாதம் தொங்கி, விரல் தரையில் இடறியது. அதற்கான கருவி அப்போது எங்களிடம் இல்லை. ஆலங்குடியில் ஒரு சைக்கிள் கடையில் பழைய டியூபை வார்போல் வெட்டி வாங்கி, செருப்பின் முனையிலிருந்து முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டையோடு இழுத்துக் கட்டினேன். கால் எடுத்து வைக்கும்போது ரப்பர் பாதத்தை மேலே தூக்கிக்கொடுத்தது. சின்னையா அதைக் குனிந்து பார்த்து, "கிளச் ஸ்பிரிங் மாதிரியில்ல இருக்கு" என்றார். வலது பக்க வாய் மட்டும் சிரித்தது.

மழைக்காலத்தில் ஓடை பெருகி ரோடு அறுந்து சில நாள் பஸ் ஓடவில்லை. போச்சு, மறுபடியும் படுத்திருப்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். வழி சரியானதும் போய்ப் பார்த்தால் கழிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். "வரலேன்னா என்ன, வர்ற நேரம் தெரியாதா எனக்கு?" என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியானேன். பஸ்ஸே இல்லாமல் பஸ் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு படியாகத் தேறும்போதும் அழகம்மாவின் முகம் சுருங்கியது. சின்னையா தன் கையால் சாப்பிட ஆரம்பித்தபோது, "சிந்துறான், நானே குடுத்தா என்ன" என்றார். ஒருநாள் ரப்பர் பட்டையைக் காணவில்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார். புதிதாக வெட்டி வந்தேன். படிக்காத பொம்பளை, பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. காலை பத்து மணி பஸ்ஸில் நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். வண்டி நிறைய ஆட்கள். புளியமரத்தில் செல்வராசு வழக்கம்போல் ஹார்ன் அடித்தார். வளைவு தெரிந்ததும், "அம்மா! அண்ணன் ரோட்டுக்கே வந்துருச்சு!" என்று கத்தினார்.

வேலியைத் தாண்டி, தடியை ஊன்றிக்கொண்டு, சின்னையா ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். வண்டியைப் பார்த்ததும் தடி இருந்த கையைத் தூக்கினார். அந்த ஒரு கணம்தான். இடது பாதம் மணலில் புதைந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

செல்வராசு போட்ட பிரேக்கில் எல்லோரும் முன்னால் சரிந்தோம். நான் குதித்து ஓடினேன். எனக்குப் பின்னால் பஸ்ஸே இறங்கியது. முதலில் தலையைப் பார்த்தேன். பிறகு இடுப்பு, தொடை. இரண்டு காலும் ஒரே நீளமாக இருந்தன, பாதம் வெளியே திரும்பவில்லை, முறிவுக்கு அடையாளம் எதுவும் இல்லை. இடுப்பெலும்பை அழுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன். வலியில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கண்கள் மட்டும் மூடியிருந்தன, இறுக்கமாக. சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு மனமில்லை.

நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவதற்குக் குனிந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றேன்.

"என்னம்மா பேசுறீங்க? மனுசன் விழுந்து கெடக்கான்" என்றார் ஒரு பெரியவர்.

"அவரே எழுந்திருப்பார். தள்ளி நில்லுங்க."

"நீங்கள்லாம் படிச்சு என்ன புண்ணியம்? மனசுன்னு ஒண்ணு வேணாமா?"

என் விரல் சொன்னது தப்பாக இருந்து, எலும்பில் ஒரு கீறல் இருந்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். எனக்கும் அந்தப் பக்கம் இடமிருந்திருக்காது. கேட்பதற்கு எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. போன் இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஆனால் அவரை அந்த நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டிருந்தால், அன்றைக்கு ஊரே பார்த்த அந்தக் காட்சிதான் அவருக்குக் கடைசிவரை மிஞ்சியிருக்கும். இனிமேல் ஹார்ன் அடித்தால் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். அது எனக்கு எலும்பை விட உறுதியாகத் தெரிந்தது.

வீட்டிலிருந்து அழகம்மா ஓடி வந்தார். கொண்டை அவிழ்ந்திருந்தது. "கொன்னுபுட்டீகளே! ஒங்களாலதான், ஒங்களாலதான்!" என்று என்னைத் தள்ளினார். அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து நிறுத்தினேன். என்னைவிட பலசாலி. நெடுநேரம் பிடித்திருக்க முடியாது.

அப்போது தரையிலிருந்து சின்னையா சொன்னார். "அக்கா. நில்லு."

அழகம்மா நின்றார்.

சின்னையா வலது பக்கமாக உருண்டார். முழங்கையை ஊன்றினார். முட்டி போட்டார். அதுவரை வந்துவிட்டார், அதற்கு மேலே எழுவதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. தடி எங்கோ போய்க் கிடந்தது. ஒற்றைக் கையை முன்னால் நீட்டியபடி, மண்டியிட்டு, ஆடிக்கொண்டே இருந்தார். நான் கையைக் கொடுக்கலாமா என்று ஓர் எட்டு வைத்துவிட்டு நின்றேன்.

பின்னால் இன்ஜின் உறுமியது. செல்வராசு எப்போது சீட்டில் ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை. வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு வந்து, படிக்கட்டுக் கம்பி சின்னையாவின் கைக்கு எட்டுகிற மாதிரி நிறுத்தினார்.

"கியர்ல போட்டு நிறுத்துடா" என்றார் சின்னையா, மண்டியிட்டபடியே.

"போட்டாச்சுண்ணே."

அவர் கம்பியைப் பிடித்தார். எழுந்தார். எழுந்து நின்று, நெற்றியை வண்டியின் தகரத்தில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என்னைத் திட்டிய பெரியவர் தடியைத் தேடி எடுத்து, துண்டால் மண்ணைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். கண்டக்டர் தயங்கித் தயங்கி, "போலாமாண்ணே?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் தெரியுமா? செல்வராசுவை அல்ல.

"ரைட்" என்றார் சின்னையா.

பஸ் போன பிறகு அவர் தானாகவே வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். எப்போது போனாலும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் அழகம்மா, அன்று வைக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சின்னையா காலை பஸ்ஸில் ஏறி ஆலங்குடிக்குப் போக ஆரம்பித்தார். டிரைவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். வண்டி ஓட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். பஸ் முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டிலேயே, வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பராக வைத்துக்கொண்டார். பெரிய டாக்டருக்கு சந்தோஷம். "இந்த கேஸ் முடிந்தது" என்றார்.

முடிந்தது. நம் தொழிலில் ஒரு காரியம் நன்றாக முடிந்தால் நமக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. வாரம் ஒருநாள் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது, 'வாங்கம்மா' என்று சொல்ல ஆள் இருந்தது. அடுத்த வாரம் அதே நாளில் நான் மணல் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பஸ் இப்போது புளியமரத்தைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதரை நடக்கவைத்த சந்தோஷமும், அவர் நடந்து போய்விட்டார் என்ற வெறுமையும் ஒன்றாக வரும். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, அந்தப் பக்கம் வேறொரு கிராமத்தில் தொடை எலும்பு முறிந்த ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வளைவில் இறங்கினேன். கேஸ் எதுவும் இல்லை. சும்மாதான் இறங்கினேன்.

சவுக்குக் கழிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டில் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அழகம்மா அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கஞ்சிச் சட்டி, மூடியபடி. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "அவன் இல்லம்மா. ஸ்டாண்டுக்குப் போயிட்டான். ராவாகும் வர்றதுக்கு."

"உங்களைத்தான் பாக்க வந்தேன்."

அவருக்கு அது புரியவில்லை. தன்னைப் பார்ப்பதற்கு என்று ஒருவர் வருவது அவருக்குப் பழக்கமில்லை போலிருந்தது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீக. அந்த ரப்பர எலி இழுக்கல. நான்தான் நெல்லுக் குதிருக்குப் பின்னாடி போட்டேன்."

செம்பைக் கீழே வைத்தேன்.

"அவன் நல்லாருக்கணும்னுதான் கோயில்ல வேண்டிக்கிட்டேன். சத்தியமா. ஆனா இந்த வீட்டுல எனக்குப் பேச ஆள் இருந்தது அவன் படுத்திருந்தப்பதாம்மா. முந்தியெல்லாம் விடியக் கருக்கல்ல போவான், தூங்குறதுக்கு வருவான். சோத்த மூடி வச்சுட்டுப் படுத்துருவேன். விழுந்து கெடந்தானா, அப்பத்தான் எங்க ஆத்தா கதை, நாங்க சின்னதுல கடலை புடுங்கப் போன கதை எல்லாம் பேசுவோம். நான் பேசுவேன், அவன் ம்ம்பான். அது போதுமில்ல? இப்ப பழையபடி மூடி வைக்கிறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பெத்தவ மாதிரி வளத்தவ நெனைக்கிற நெனப்பாம்மா இது?"

நானும் வாரம் ஒருநாள் அந்த பஸ்ஸுக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

இளையவர்களே, நீங்கள் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் பாருங்கள். அவர் உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால், அறியாமை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டால் சொல்வார்கள். அழகம்மாவை அதுவரை யாரும் கேட்கவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமானது. கிளம்பினேன். "ரோடு வரைக்கும் வாரேம்மா" என்று கதவைச் சாத்திவிட்டு அவரும் வந்தார். வேலியைத் தாண்டியதும் நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"என்னமோ மாதிரி இருக்கு."

"ஏன், தலை சுத்துதா?"

"இல்லம்மா. கையில ஒண்ணும் இல்லாம நடக்குறேன்ல, அதான். குடமோ, வெறகோ, ஆட்டுக்குத் தழையோ, என்னமாச்சும் இருக்கும். வெறுங்கையா எங்கிட்டும் போனதில்ல." இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

நான் நோயாளிகளுக்கு உடம்பை அசைக்கக் கற்றுக்கொடுப்பவள். இவருக்கு அதில் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை. விடிந்ததிலிருந்து அடையும்வரை அந்த உடம்பு ஓயாமல் அசைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் ஓர் அசைவுகூட அவருக்காக இருந்ததில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எனக்காக இடம் பிடித்துக் காட்டினார். கம்பியில் கை வைத்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அழகம்மா முந்தானைக்குள் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க போங்க, நான் கடைசி வண்டியில வர்றேன்" என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

பஸ் போய்ப் புழுதி அடங்கியது. ரோடு காலியாகிவிட்டது. அழகம்மா என்னைப் பார்த்தார், ஏன் ஏறவில்லை என்று கேட்கவில்லை. கிழக்கே முந்திரித் தோப்புக்கு நடுவில் ஒரு வண்டிப்பாதை பிரிந்து போனது.

"அங்கிட்டு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார். "பொறந்ததுலேருந்து, கட்டிக்குடுத்த கொஞ்ச நாளத் தவிர, இந்த ஊருதான். அங்கிட்டு நமக்கு ஒரு வேலையும் இருந்ததில்ல."

"எனக்கும் இல்ல."

அவர் வண்டிப்பாதையை ஒரு தடவை பார்த்தார், வீட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்து, இரண்டையும் வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.